அக்காவுக்கு மட்டும் நின்ற டியூஷன்

குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை போய் நம்மவர் ஒருவர் துரையாக வந்த வருஷம். எனக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதின்மூன்று. எஸ்டேட் கிளார்க் ஒருவரிடம் இருவரும் கணக்கு டியூஷன் போனோம். அவர் வீட்டுக்கு எண்பத்து நான்கு படி இறங்க வேண்டும். எண்பத்தைந்தாகவும் இருக்கலாம், பாதி உடைந்த கடைசிப் படியைச் சேர்ப்பதா என்பதில் இன்றும் எனக்குத் தீர்மானமில்லை.

வாரத்தில் ஆறு நாள். மூன்று நாளாவது சார் ஒருவரைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு மற்றவரை உள்ளறைக்குக் கூப்பிடுவார். தொடக்கூடாத விதத்தில் தொடுவார். திரும்பி வந்தபின் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, நோட்டைப் பார்ப்போம்.

ஒருநாள் அக்கா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள். அப்பா எழுந்து செருப்பைத் தேடினார், பிறகு உட்கார்ந்துவிட்டார். மறுநாளே அக்காவுக்கு டியூஷன் நின்றது. தப்புச் செய்தவள் அவள் என்பதுபோலப் பள்ளிக்கூடமும் நின்றது.

"ஏனுங்க, பையனையும் நிறுத்திரலாமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு பேரையும் நிறுத்துனா லைன் வீடு பூரா ஏன்னு கேக்கும். இவன் போயிட்டிருந்தா புள்ள பேரு கெடாது," என்றார் அப்பா.

"என்னையும்தானுங்கப்பா அவரு அப்படி..." என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா வாய்ச்சோற்றோடு சிரித்தார். "ஏன்டா, நீ என்ன பொம்பளப் புள்ளையா? ஆம்பளைக்கு என்னடா கெட்டுப் போவுது!"

அம்மாவும் சிரித்துவிட்டாள், பாவம், எத்தனையோ நாளுக்குப் பிறகு. அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். அக்காவுக்கு நடந்ததுதான் கொடுமை, எனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முழுப் பரீட்சைவரை நாற்பத்தொரு மாலை தனியாகப் போனேன். இப்போது எல்லா நாளும் என் முறை. வீட்டிலேயே இருக்கும் அக்காமேல் பொறாமையாக இருந்தது; அவளோடு சரியாகப் பேசவும் இல்லை.

நான் புறப்படும்போதெல்லாம் அக்கா ஓடிவந்து என் ஸ்வெட்டரின் ஆறு பொத்தான்களையும் கழுத்துவரை போட்டுவிடுவாள். "விடுக்கா, மூச்சு முட்டுது," என்பேன். "இருக்கட்டும்டா," என்பாள். பனி விட்டு மார்ச் வெயில் காய்ந்த மாலைகளிலும் போட்டுவிட்டாள். குளிருக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே படியிறங்குவேன்.