ஈரத் தட்டு பூச்சைக் குடிக்காது

பவளராணி இரண்டு கையாலும் தடியைப் பிடித்து வாளியிலிருந்த வெள்ளைப் பூச்சைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அடியில் படிந்தது முழுக்கக் கரைய வேண்டும்.

நகரின் அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள அந்த மட்பாண்டப் பட்டறைக்கு அவள் கூட்டித் துடைக்கத்தான் முதலில் வந்தாள். இப்போது பூச்சு ஏற்றுபவள் அவள்தான். ஒருமுறை சுட்ட தட்டை வெள்ளையில் தோய்த்து, அது காய்ந்ததும் விளிம்பைப் பச்சையில் தோய்த்துச் சூளைக்கு அனுப்புவாள். நெருப்பில் இரண்டும் உருகிக் கடல் நிறமாக வரும். வர வேண்டும்.

வுச்சீரியாச் சந்தையில் ஓர் உணவகம் ஒரே மாதிரித் தட்டுகள் கேட்டிருந்தது. இரண்டு சூளை இறக்கியாயிற்று. ஒரு தட்டு கடல் நிறம் என்றால் பக்கத்துத் தட்டு கஞ்சித் தண்ணீர் நிறம். பட்டறைக்காரி சிஞ்ஞோரா கொன்செத்தா கோபிக்கவில்லை. இந்த முறையும் பிசகினால் பூச்சு வேலையைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். அதாவது, தனக்கு மறுபடி துடைப்பம் என்று பவளராணிக்கு விளங்கியது.

பூச்சுக் குழம்பை வடித்துப் பார்த்தாள். ஒரே அளவு நேரம் தோய்த்துப் பார்த்தாள். காரணம் அங்கே இல்லை. நேற்று வீட்டுக் குசினியில்தான் கிடைத்தது. புருஷன் கதிரேசு கழுவி எடுத்துவைத்த தட்டை அவள் மறுபடி கழுவினாள்.

“கழுவினதையே கழுவு. பட்டறையிலையும் இப்பிடித்தானோ?” என்றார் அவர்.

“ஓம், தூசி போகவேண்டாமோ?” என்றவள் தட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

யாரும் சொல்லாமலே, சிஞ்ஞோரா வருமுன், சுட்ட தட்டுகளைத் தண்ணீர்ப் பேசினில் முக்கி அடுக்கிவைப்பது அவள் வழக்கம். மேலே உள்ளவை காயும். அடியில் உள்ளவை ஈரமாகவே கிடக்கும். தண்ணீரால் வயிறு நிறைந்த தட்டு பூச்சை எங்கே குடிக்கும்?

இன்று விடிந்ததும் சிஞ்ஞோராவைக் கூப்பிட்டு, காய்ந்த தட்டிலும் கழுவிய தட்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். ஒன்றில் சொட்டு உடனே மறைந்தது. மற்றதில் மினுங்கிக்கொண்டு நின்றது. கழுவியது தான்தான் என்பதையும் சொன்னாள். சிஞ்ஞோரா வாளிகளை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

தட்டுகளின் தூசியைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டுத் தோய்த்தாள்.

சூளை எரிந்து ஆறியபின் சிஞ்ஞோரா தட்டுகளை மேசையில் பரப்பி, வெளிறிய ஒன்றைத் தேடினார். அகப்படவில்லை. முதலில் தோய்த்தது எது, கடைசியில் தோய்த்தது எது என்று கேட்டார். பவளராணி நிமிர்ந்து நின்று, தெரியாது என்றாள். அந்த வேலையில் அதைவிட நல்ல பதில் இல்லை.

“அப்ப என்ரை வாயாலைதான் உன்ரை வேலை தப்பினது,” என்றார் கதிரேசு அன்று மாலை.

“ஓம், வாய் உங்கடை. கை என்ரை.”

மறுநாள் காலை அவள் பேசினைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, உயரப் பலகையிலிருந்த நீலப் பூச்சு வாளியை இறக்கினாள். அடுத்த வேலையும் அவளுக்குத்தான் வந்திருந்தது.