துருத்தி யார் கையில்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் காஜா பெராங் சாலையில் மழையில் நைந்து தொங்கிய சமயம், என் அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போயின. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. என் நகைச்சுவைக்கு மாமா அப்போதும் சிரிக்கவில்லை, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அவர் பேசுவதற்கு நான் கண்டுபிடித்த வழி என் ஆர்மோனியம். துக்காங் எமாஸ் தெருக் கோயில் பஜனையில் அதை வாசித்துவந்தேன். இனி வாசிக்க வேண்டாமென்று பஜனைக்காரர்கள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் பெட்டி சும்மா கிடந்தது. கட்டைகளின் அடியிலிருந்த கம்பிகளைத் தளர்த்தி, இடது கை விரல் லேசாகப் பட்டாலே ஒலிக்கும்படி செய்தேன். ஒரு கட்டை 'சரி', ஒன்று 'வேண்டாம்', இன்னொன்று 'தண்ணீர்'. யாராவது துருத்தி போட்டுக் காற்றுக் கொடுத்தால்தான் அவருக்குக் குரல். அதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை. நம் மூளை அவ்வளவுதான்.

பிறகு ஊரிலிருந்து மாமாவின் அண்ணன் கப்பலில் வந்து இறங்கினார். ஊரிலிருந்த பொது நிலத்தை விற்கத் தம்பியின் கைநாட்டு வேண்டுமாம். தம்பியை மட்டும் கூட்டிப் போவாராம்.

"நீ பின்னால வரலாம்மா."

"அவரையே கேளுங்க பெரியத்தான்," என்றாள் அக்கா.

ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டார் முன்னிலையில் கேட்பதென்று முடிவாயிற்று. அண்ணன் பெட்டியருகே உட்கார்ந்தார். "நானே போடுறேன் மாப்ளே. ஒனக்குக் கை வலிக்கும்."

"தம்பி, சாப்பிட்டியா?" 'சரி' ஒலித்தது. "அண்ணனத் தெரியுதா?" அதற்கும் 'சரி'. அடுத்து ஊர்ப் பெருமையை நீட்டி முழக்கினார். பழைய பெட்டி, காற்று மெல்லக் கசிந்து தீர்ந்தது. துருத்தி மேல் அவர் கை அசையாமல் கிடந்தது.

"ஊருக்குப் போவமா?"

மாமாவின் விரல் 'வேண்டாம்' கட்டையை அழுத்தியது. சத்தமே இல்லை.

"பாத்தீங்கள்ல, வேணாங்கல."

"அழுத்துறாரு! காத்து இல்ல! துருத்திய நிறுத்திட்டாரு!" என்று கத்தினேன்.

கூடமே சிரித்தது. "இவன் ஆரம்பிச்சிட்டான் லா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சாவு வீட்டில்கூடத் தமாஷ் பண்ணிச் சம்பாதித்த பெயர் எனக்கு. கண்ணில் நீர் வரக் கத்தினேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாமாவின் நகம் வெளுத்திருந்தது.

துருத்தியைப் பிடுங்கி நானே அழுத்தினேன். 'வேண்டாம்' எழுந்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"கேட்டுச்சா பெரியத்தான்?" என்றாள் அக்கா.

அண்ணன் முகத்தில் கோபமே இல்லை.

"கேட்டுச்சும்மா. அவசரமில்ல. அடுத்த கப்பலுக்கு நாள் கெடக்கு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைக் காட்டிப் பிரியமாக அவளிடமே கேட்டார்: "மாப்ள காலையில எத்தன மணிக்கு வேலைக்குப் போவாரு?"

நான் துருத்தியை நிறுத்தவில்லை. மாமாவும் விரலை எடுக்கவில்லை.