முதல் பதிப்பின் கிழிந்த முதல் தாள்

சனிக்கிழமை காலை எட்டே காலுக்குப் பெருங்குடியில் வீட்டைப் பூட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போக இப்போது யாரும் இல்லை. அம்மாவின் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்திருந்த ஒருவர், "உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி எங்க நாடகக் குழுவுல நடிச்சாங்கம்மா. எங்க ஆசிரியர் எழுதுன நாடகத்தையெல்லாம் தொகுத்து முதல்ல அச்சடிச்சப்ப, ரெண்டாம் தொகுதியில அவங்க பேரும் வந்துச்சு" என்றார். அந்த நாடக ஆசிரியரைத் தெரியாதவர்கள் இல்லை. அம்மா நடித்ததுதான் எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பெயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

திருவான்மியூர் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து அடையாறுக்குப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை.

ஒன்பதே முக்கால். அடையாறில் ஒரு மாடியில் சிறிய வாசகசாலை. அவருடைய நாடகங்களின் மூன்று தொகுதிகளும் இருந்தன, பளபளவென்று, புதிய பதிப்பு. நடித்தவர் பெயர் எதிலும் இல்லை. மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்க இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை அவரே, "என்ன மேடம்?" என்றார். "அதெல்லாம் பழைய பதிப்புல இருக்கும். மைலாப்பூர்ல பழைய புக் கடையில பாருங்க."

பதினொரு மணி. மயிலாப்பூர் குளத்திலிருந்து லஸ் பக்கம் நடந்தேன். நடைபாதையில் தார்ப்பாய் கட்டிய ஒரு கடை.

"இன்னாம்மா வேணும்? சத்தமா சொல்லு, புக்கு கேக்க இன்னா பயம்?" என்றார் கடைக்காரர். அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். முதல் பதிப்பு, இரண்டாம் தொகுதி. விலை நானூறு. திறந்தேன். முதல் தாள் இருந்த இடத்தில் கிழிந்த விளிம்பு மட்டும் இருந்தது.

"நடிச்சவங்க பேரா? அது மொத தாளுக்குப் பின்னால கீது. நாந்தான் கிழிச்சேன். வாங்குனவங்க அதுலதான் பேர் எழுதுவாங்க. பொஸ்தகத்த வித்துட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா அந்த வூட்டுக்கு அசிங்கம்மா. இந்தத் தொழில்ல அல்லாரும் கிழிச்சிருவோம்."

புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. "எங்கம்மா பேரு அதுல இருக்கு" என்றேன்.

அவர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்துப் போட்டார். எல்லாம் கிழித்த தாள்கள். "பேர தெருவுல வீச மனசு வர்ல. தேடிக்கோ."

நடைபாதையிலேயே உட்கார்ந்தேன். மணநாள் பரிசு. பேச்சுப் போட்டி, இரண்டாம் இடம். அன்புத் தம்பிக்கு. முன்பின் தெரியாத வீடுகளுக்குள் நுழைந்துவிட்டதுபோல் கூசியது. ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, அந்த விளிம்போடு ஒரு தாள் பொருந்தியது. பின்பக்கத்தில் கடைசி வரி: தோழி – செல்வி லூர்து மேரி.

"அந்தாண்ட பக்கம் ஓனர் பேர் கீதே. அத்த மட்டும் கத்திரிச்சிட்டுத் தரட்டா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கையெழுத்துக்கு நேர் பின்னால்தான் அம்மா இருந்தாள். "வேண்டாங்க."

அவர் யோசித்தார். "செரி. ஆனா யார்ட்டயும் காட்டாத."

"காட்ட யாருமில்லீங்க" என்று பணத்தைக் கொடுத்தேன்.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண். "இன்னாக்கா அது, கொழந்த மாதிரி மடில வச்சிக்கினு வர்றே?"

தாளை எடுத்தேன். முன்பக்கத்து எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவரிடம் பின்பக்கத்தைக் காட்டினேன். "எங்கம்மா. நாடகத்துல நடிச்சாங்க."

"அய்ய, நடிகையா! இன்னா வேஷம்? பாடுவாங்களா? அப்புறம் ஏன் வுட்டாங்க?"

திருவான்மியூர் வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.