மெயில் பெட்டியில் முதல் பந்தி

கூத்தாநல்லூரில் தம்ரூட் என்றால் ஹபீபுன்னிசா. இதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் அவள் காதுபடச் சொல்லமாட்டார்கள். ரவை, முட்டை, பால், சர்க்கரை எல்லாவற்றையும் நெய்யில் கிளறித் தட்டில் கொட்டி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்து வேகவிட்டு எடுத்தால் பொன்னிறமாக ஒன்று வரும். அதை வில்லை போடும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. பேசினால் கத்தியோடு திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஊரில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். நல்லது கெட்டது நடப்பது இங்கே, அதற்குச் சொல்லிவிட வேண்டியவர் அங்கே. முன்பெல்லாம் கடிதம் வரும். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, 'கல்யாணத்துக்குப் பணியாரம் சொல்லவும்' என்று ஒரு நீலக் கவர் வந்து சேரும். பிறகு டெலிபோன் வந்தது. ஊருக்குள் கம்ப்யூட்டர் நுழைந்து, தெருத்தெருவாக பிராட்பேண்ட் கம்பி இழுத்த வருஷத்தில், ஷார்ஜாவிலிருந்த அவள் கணவர் அப்துல் அஜீஸ் போனில் சொன்னார்.

"இங்க எல்லாரும் மெயில்லதான் பேசிக்கிறாங்க. நீயும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடு. கல்யாணத்துக்கு முந்தி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கேன்னு எத்தனை தடவை என்கிட்ட சொல்லியிருக்கே."

அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினாள். இனிப்பும் முறுக்கும் செய்கிற பணியாரக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டு, கம்ப்யூட்டருக்கு ஜரிகை வைத்த துணி ஒன்று தைத்துப் போர்த்திவைத்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க ஒரே வாரத்தில் கை பழகிவிட்டது. பெருநாள் சீர், கல்யாணச் சீர், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பணியாரம் என்று நாலா திசையிலிருந்தும் மெயில் வந்து குவிந்தது. தொழில் கிடுகிடுவென்று வளர்ந்தது.

வளர்ந்த தொழிலை ஹபீபுன்னிசா எப்படி நடத்தினாள் என்பதுதான் வேடிக்கை. விருந்து வீட்டில் முதல் பந்தி யாருக்கு? பெரியவர்களுக்கும் சம்பந்திகளுக்கும். இளவட்டங்கள் கடைசிப் பந்தியில் உட்காரும். மெயிலையும் அவள் அப்படியே உட்காரவைத்தாள். யார் எப்போது எழுதினார்கள், என்ன அவசரம் என்பதெல்லாம் பிறகு. ஹஜ் செய்துவிட்டு வந்தவர்கள் முதலில், வயதில் மூத்தவர்கள் அடுத்து, சம்பந்தம் கொண்ட வீட்டார் அதற்கும் அடுத்து. சின்னப் பையன்களின் மெயிலைத் திறக்கக்கூட மாட்டாள். பெரியவர் காத்திருக்கச் சின்னவனுக்குப் பதில் போடுவது என்ன மரியாதை?

பதிலும் லேசில் முடியாது. சலாம் சொல்லி, உடம்பு விசாரித்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பேர் சொல்லி நலம் கேட்டு, ஊரில் மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா, சம்பா நடவு ஆனதா என்று தெரிவித்து, துஆ செய்யச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் அப்துல் ஹமீது மாமாவுக்கு எழுதினால் அன்றைய பகல் போச்சு. எழுபது தாண்டியவர், ஊரின் மூத்த வாடிக்கை. அவரும் சளைத்தவரில்லை, அதே நீளத்துக்குப் பதில் போடுவார். அதற்கு இவள் மறுபடி பதில் போடவேண்டும். போடாமல் விடுவது மரியாதையா?

"அக்கா, நீங்க பணியாரக் கடை நடத்துறீங்களா, போஸ்ட் ஆபீஸ் நடத்துறீங்களா?" என்பாள் ஆனந்தவல்லி.

ஆனந்தவல்லி பக்கத்துத் தெருக்காரி, வெகுகாலமாக ஹபீபுன்னிசாவோடு அடுப்படியில் நிற்பவள். நோன்பு மாதத்தில் அவளுக்குத் தனி மவுசு. மற்றவர்கள் எல்லோரும் நோன்பு வைத்திருக்கும்போது, பாகில் இனிப்பு சரியா, உப்பு தூக்கலா என்று சொல்ல அங்கே இருக்கிற ஒரே நாக்கு அவளுடையது. அந்த ஒரு மாதமும் அவள் வைத்ததுதான் சட்டம். ஹபீபுன்னிசாவே பவ்யமாகக் கரண்டியை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்த வருஷம் ரமலான் முடியப்போகும் சமயம். அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். சொன்ன சீர்களெல்லாம் போய்விட்டன. ஹமீது மாமா தன் மகளுடைய மாமியார் வீட்டுக்கு வருஷா வருஷம் அனுப்புகிற சீர் ஒன்றுதான் பாக்கி. தம்ரூட், நெய்யுருண்டை, அச்சுமுறுக்கு எல்லாம் தாம்பாளங்களில் அடுக்கி, பச்சைத் துணி கட்டித் தயாராக இருந்தது. பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனந்தவல்லி மட்டும் பாத்திரம் கழுவ நின்றாள். மாமாவுக்கு விஸ்தாரமாகத் தகவல் சொல்லலாம் என்று ஹபீபுன்னிசா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் கண்ணில், அன்று காலை வந்திருந்த ஒரு மெயில் பட்டது. ஷார்ஜாவிலிருந்து ஃபஹத். இதே ஊர்ப் பையன், மீசை முளைத்த கையோடு விமானம் ஏறியவன், அவளை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடுபவன். தலைப்பில் 'அக்கா சீர்' என்றிருந்தது. திறந்தாள்.

'லாத்தா, சீர் கிளம்பியாச்சா? அக்கா போன்ல கேட்டா. இன்னிக்கு வந்துடும்னு சொல்லிட்டேன்.'

எந்தச் சீர்? கீழே தேடினாள். கடைசிப் பந்தியில், திறக்காத மெயில்களுக்கு நடுவில், நோன்பின் ஆரம்பத்தில் அவன் எழுதியது கிடந்தது.

'லாத்தா, ஹுமைரா அக்காவுக்கு இது தலைப்பெருநாள். அத்தாவும் உம்மாவும் இருந்தா அவங்க செஞ்சிருப்பாங்க. இப்ப நான் ஒருத்தன்தான். எனக்கு லீவு கிடைக்கல. கீழ்வேளூருக்கு நீங்க சீர் அனுப்பிடுங்க. பிறை பாக்குறதுக்கு முந்தி போயிடணும். அவ மாமியார் வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லிடக்கூடாது.'

ஹபீபுன்னிசா ஆனந்தவல்லியைக் கூப்பிட்டு இரண்டு மெயிலையும் காட்டினாள். கல்யாணமாகி வருகிற முதல் பெருநாளுக்குப் பெண் வீட்டுச் சீர் வராவிட்டால் எந்த மாமியாரும் சண்டை போடமாட்டாள். வாயைத் திறக்கவே மாட்டாள். அந்த வாய் திறக்காததைத்தான் பெண் ஆயுசுக்கும் சுமக்கவேண்டும். அதுவும் தாய் தகப்பன் இல்லாத பெண்.

"நான் பாவி ஆனந்தவல்லி. அந்தப் புள்ளயோட மெயில நான் தொறந்துகூடப் பாக்கல."

"அழுவுறத அப்பறம் வச்சுக்கலாம். புதுசா செய்ய நேரமிருக்கா?"

இல்லை. தம்ரூட் வேகவே பொழுது சாய்ந்துவிடும். இருவரும் ஒரே சமயத்தில் பச்சைத் துணி கட்டிய தாம்பாளங்களைப் பார்த்தார்கள்.

"ஹமீது மாமாவோடதா? வேற வினையே வேண்டாம்," என்றாள் ஹபீபுன்னிசா.

"அவங்களுது வருஷா வருஷம் போறதுதானே. நாளைக்குக் காலைல போனா குடியா முழுகிடும்? கேட்டுப் பாருங்க."

ஹபீபுன்னிசா சலாம் சொல்லி, மாமாவின் முழங்கால் வலியை விசாரிக்க ஆரம்பித்தாள். ஆனந்தவல்லி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "அவங்க முழங்காலுக்கு நீங்க வர்றதுக்குள்ள பிறையே வந்துடும்."

எழுதியதை அழித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மூத்தவருக்கு, சலாம் மட்டும் போட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். 'மாமா, உங்க சீரை இப்ப ஒரு பொண்ணோட தலைப்பெருநாளுக்கு எடுத்துக்கிறேன். தாய் தகப்பன் இல்லாத புள்ள. தப்பு என்னோடது. உங்களது நாளைக்குக் காலைல போயிடும். சரியா?' அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு திரையையே பார்த்தாள். ஊரில் இனி எப்படித் தலைகாட்டுவது என்று ஓடியது மனசு.

பதில் உடனே வந்தது.

'தாராளமா எடுத்துக்கம்மா. இதக் கேக்கணுமா? ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இனிமே இப்படியே எழுது. உன் மெயில் வந்தா எனக்குப் பகீர்ங்குது. நீ அவ்ளோ எழுதும்போது நான் சுருக்கமா எழுதினா மரியாதை இல்லையேன்னு, பேரன் காலைக் கையைப் பிடிச்சு உக்காரவச்சு அடிச்சு வாங்குறேன். அவன் இப்ப என்னைக் கண்டாலே ஓடுறான்.'

படித்து முடித்தாள். கண்ணில் நீர் நிற்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனந்தவல்லிக்குத் திரையைக் காட்டினாள். காட்டியதும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கமாகச் சீரை வேன்காரரிடம் கொடுத்தனுப்புவதோடு கடையின் வேலை முடிந்துவிடும். அன்று ஹபீபுன்னிசா உள்ளே போய் முகம் கழுவி, பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள்.  ஆனந்தவல்லியும் தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

திருவாரூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் இளம் நடவு. வாய்க்கால் நிறையத் தண்ணீர். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹபீபுன்னிசா சொன்னாள்.

"இனிமே எல்லாத்தையும் முதல்ல தொறந்து படிச்சுடுவேன். யாரு வீட்டு விசேஷம் முந்தி வருதோ அவங்களுக்கு முதல்ல பதில். பெரியவங்க, சின்னவங்க பாக்குறதில்ல. ரெண்டு வரிதான். விசாரிக்கிறதெல்லாம் பெருநாளைக்கு போன்ல."

"எப்பலேர்ந்து?"

"நாளையிலேர்ந்து."

"நாளைக்குப் பெருநாளு. நாளன்னிக்குன்னு வச்சுக்கங்க."

கீழ்வேளூரில் வேன் நின்றபோது வெயில் இறங்கிவிட்டது. வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு ஹுமைராவின் மாமியார் லத்தீஃபா நின்றுகொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ஹுமைராவின் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. வேனையும் தாம்பாளங்களையும் பார்த்துவிட்டு லத்தீஃபா கேட்டார்.

"கடையிலேர்ந்து அனுப்புனாங்களா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. ஹபீபுன்னிசா தலைச்சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"இல்லங்க. நாங்க பொண்ணு வீட்லேர்ந்து வர்றோம்."

லத்தீஃபா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பெண்ணுக்கு ஊரில் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? படியிறங்கி வந்து ஹபீபுன்னிசாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி. உள்ள வாங்க. நோன்பு தொறந்துட்டுத்தான் போகணும்." பூ வைத்த ஆனந்தவல்லியையும் பார்த்து, "நீங்களும் வாங்க சம்பந்தி," என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கஞ்சி குடித்தார்கள். மாடியில் பிள்ளைகள் பிறை தெரிந்ததாகக் கூச்சல் போட்டார்கள். வந்த சீரை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பது அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணின் வேலை. ஹுமைரா அவளிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் நின்று சொன்னது, உள்ளே உட்கார்ந்திருந்த ஹபீபுன்னிசாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எடுத்துக்கங்க. எங்க வீட்லேர்ந்து கொண்டாந்தாங்க."