புங்கமரத்தடியில் வாதியும் பிரதிவாதியும்

எங்கள் தாலுகா கோர்ட்டைப் பற்றி யாராவது கேட்டால் நான் கட்டிடத்திலிருந்து தொடங்குவதில்லை. யானையிலிருந்துதான் தொடங்குவேன்.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர்கள் எங்களுடையவை. அவை கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்த நாளில் கட்டிய கோர்ட் அது. நாட்டு ஓடு, தடித்த தூண்கள், வாசலில் ஒரு புங்கமரம். அப்போதெல்லாம் வாய்தா என்றால் காட்டுக்குள் நடந்துதான் வரவேண்டும். தனியாக வந்தால் யானை பயம். ஆகவே வழக்குப் போட்டவனும், யார் மேல் போட்டானோ அவனும் ஒன்றாகவே கிளம்புவார்கள். ஒருவன் தலையில் ராகி மாவு, இன்னொருவன் தலையில் சட்டி. புங்கமரத்தடியில் ஒரே அடுப்பு மூட்டிச் சாப்பிடுவார்கள். பிறகு உள்ளே போய் ஒருவனை ஒருவன் பொய்யன் என்பார்கள். வெளியே வந்து, ஒன்றாகவே காடு கடந்து வீடு சேர்வார்கள்.

என் அப்பாவும் அப்படிப் போய் வந்தவர்தான். "கோவத்தக் கோர்ட்டுல காட்டறேன். சோத்துல எதுக்குக் காட்டோணும்?" என்பார்.

பிறகு மாநிலங்களைப் பிரித்தபோது நாங்கள் மைசூர்ப் பக்கம் சேர்ந்தோம். கோர்ட்டில் தமிழ் போய்க் கன்னடம் வந்தது. ஜில்லாவின் பெயர் மாறியது, பலகை மாறியது. ரோடு வந்தது, பஸ் வந்தது. மரத்தடிப் பழக்கம் மட்டும் மாறவில்லை. சொல்லப்போனால் கூடியது. பாதி நாள் வெறும் வாய்தாதானே? "இன்னிக்கு ஒண்ணும் நடக்காது, நீங்க வரவேண்டாம், தேதியக் கேட்டுச் சொல்றேன்" என்று எதிராளிக்கு எதிராளி போன் செய்வது எங்கள் பக்கம் சாதாரணம்.

நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்சமும் பஸ்ஸில் மீதியும் படித்தவன். மைசூர் அக்ரஹாரத்தில் சின்னதாக ஒரு பூஜைச் சாமான் கடை. ஊரில் இருக்கும் நிலத்தைத் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். கணவனை இழந்தவள், அந்த மஞ்சள் வெள்ளாமைதான் அவள் பிழைப்பு. வண்டித்தடம் பக்கத்து நிலத்து ஓரமாகப் போகிறது. அந்த நிலத்துக்காரன் ஒரு நாள் தடத்தை உழுது வேலி போட்டுவிட்டான். நிலம் என் பெயரில் இருந்ததால் வழக்கை நான் போட்டேன். தடம் திறந்தால் வண்டி வரும். இல்லாவிட்டால் ஓடைக்கரையைச் சுற்றி, மஞ்சளை மூட்டை மூட்டையாகத் தலையில் சுமக்க வேண்டும்.

முதல் வாய்தாவிலேயே அவன் மரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக் கூப்பிட்டான். "வாங்க மாமா, களி ஆறுது." எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்பிள்ளை. அவன் வீட்டு அவரைக்காய்க் குழம்புக்கு நான் அடிமை. மைசூரிலிருந்து நான் கொண்டுபோகும் இளம் வெற்றிலைக்கு அவன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏனுங், உங்களுக்குக் கேசு நடக்குதா, கல்யாணம் நடக்குதா?"

"பொண்ணு பாக்கறதுக்கு மாமா தேதி வாங்கிட்டே இருக்காருங்க" என்பான் அவன்.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. கோர்ட் படியேறினால் மாமனும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

தங்கைக்கு இதெல்லாம் பிடிக்காது. "தடத்த அடைச்சவனுக்கு வெத்தல மடிச்சுக் குடுக்கறீங்களே, ரோசமே இல்லீங்களாண்ணா?"

"வழக்கு வேற, வெத்தல வேற, கண்ணு."

"உங்களுக்கு வேற வேறதான். சொமக்கறது நானு."

நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. தவறாமல் வந்துவிடும்படி வக்கீல் சொல்லியிருந்தார். மைசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸில் உட்கார்ந்து, வெற்றிலைக் கட்டை மடியில் வைத்திருந்தேன். போன் அடித்தது.

"மாமா, பஸ் ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேன் மாப்ளே, இன்னும் எடுக்கல."

"எறங்கிருங்க. ஜட்ஜ் லீவாமா. அந்த முட்டிய வச்சுக்கிட்டு எதுக்கு வீணா அலையறீங்க? தேதிய நான் கேட்டுச் சொல்றேன்."

என் முழங்கால் வலியை நினைத்துப் பார்க்கிறானே என்று நெஞ்சு இளகிவிட்டது. இறங்கிவிட்டேன். வக்கீலைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இப்படி எத்தனையோ முறை அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான், நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையும் பொய்யானதில்லை. வீட்டுக்கு வந்து, அடுத்த வாய்தாவுக்கு இருக்கட்டும் என்று வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.

சாயங்காலம் வக்கீல் பேசினார். "எங்கே போனீங்க? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. கேஸ் டிஸ்மிஸ்."

"ஜட்ஜ் லீவுன்னு சொன்னாங்களே..."

"யார் சொன்னது?"

சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வெளியில சொல்லாதீங்க. காய்ச்சல்னு எழுதி மனுப் போடலாம், வழக்கை மறுபடி எடுத்துக்குவாங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னேன். பாட்டன் காலத்துப் பழக்கம் அது. அதைச் சொல்ல என்ன வெட்கம்?

மனு விசாரணைக்கு வந்த அன்று நீதிபதி கன்னடத்தில் கேட்டார், எதிராளி பேச்சை நம்பியா வீட்டுக்குத் திரும்பினீர்கள் என்று. பின் பெஞ்சில் சிரிப்பு. நான் யானையைச் சொன்னேன், ஒரே அடுப்பைச் சொன்னேன், களியையும் வெற்றிலையையும் சொன்னேன். மரத்தடியில் அவ்வளவு இயல்பாக இருந்ததெல்லாம் அந்த அறைக்குள் சின்னப்பிள்ளைக் கதையாக ஒலித்தது. நீதிபதி "ஹௌதா?" என்றார், அப்படியா என்று. பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

போன் செய்யவே இல்லை என்று சொல்லுவான், இல்லாவிட்டால் தலையைக் குனிவான் என்று நினைத்தேன். அவன் கும்பிட்டான்.

"கூப்பிட்டேனுங்க சாமி. நெசந்தான். ஜட்ஜ் வந்துட்டாரு, கேசு இருக்குது, வெரசா வாங்க மாமான்னு சொன்னேன். மாமாதான் முட்டி வலிக்குதுன்னு வரலீங்க."

மாமா. படியேறினால் எடுக்கக்கூடாத அந்தச் சொல்லை உள்ளே கொண்டுவந்துவிட்டான். என் முழங்காலையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். வழக்கில் தனக்கு எதிரே நிற்பவனையும் கூப்பிட்டு அழைத்த நல்ல மனிதனாக நீதிபதி அவனைப் பார்த்தார். எனக்கே ஒரு கணம், அப்படித்தான் சொன்னானோ என்று தோன்றியது. மனு தள்ளுபடியானது.

வெளியே வந்தேன். புங்கமரத்தடியில் தூக்குப்போசி திறந்திருந்தது.

"வாங்க மாமா. உள்ள நடந்தத உள்ளயே வுட்ருங்க. வெத்தல கொண்டாரலீங்களா?"

அவன் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான பசிதான் இருந்தது. என் அப்பாவின் பேச்சை அவன் வாயில் கேட்டதும், திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அன்று மைசூருக்குப் போகாமல் தங்கையிடம் போனேன். களத்தில் மஞ்சள் வெந்து, காய்ந்து, மூட்டையாகியிருந்தது. எனக்கு முன்னாலேயே செய்தி ஊருக்கு வந்திருந்தது. யார் சொன்ன விதமாக வந்திருக்கும் என்பதை நான் கேட்கவில்லை.

தங்கை என் முழங்காலைப் பார்த்தாள். "அவன் வரச்சொல்லித்தான் கூப்பிட்டானாமா. நெசங்களாண்ணா?"

"இல்ல, கண்ணு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய சேலைத் துணியைச் சும்மாடாகச் சுற்றித் தன் தலையில் வைத்தாள். இன்னொன்றைச் சுற்றி என்னிடம் நீட்டினாள்.