கண்ணு ரெண்டைத் தவிர

“…இனி உங்க பொறுப்புங்க சார். கண்ணு ரெண்டை மட்டும்…” என்று தொடங்கிய அப்பா அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். ஐந்தாம் வகுப்பு தேறி, ஆறாம் வகுப்பு வாசலில் புதுப் பையோடு நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் அப்பா, எதிரில் கணக்கு வாத்தியார். அப்பா விட்ட மிச்சத்தை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் எடுத்துக்கொடுப்பார்கள். ‘கண்ணு ரெண்டை மட்டும் உட்டுப்போட்டு, மத்ததெல்லாம் தோலை உரிச்சுப்போடுங்க.’ கருமத்தம்பட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி, தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்பது எப்படியோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது வாத்தியாரிடம் இதைச் சொல்வதும் அப்படி. சொல்லாமல் திரும்பினால் பிள்ளை மேல் அக்கறையில்லாத மனுஷன் என்று பேர். தகப்பன் சிரித்துக்கொண்டே சொல்வார், வாத்தியார் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், நடுவில் நிற்கிற பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவைக்கும்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஊர்ப் பேச்சின் மேல் ஒரு ஆசை. யார் வாயிலிருந்து எது புதிதாக விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். இந்த ஒன்றை மட்டும் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் என் தலைக்கு மேலேயே அது சொல்லப்பட்டது.

அப்பா அதை மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொல்வார். அவருக்குத் தறி ஓட்டுகிற வேலை. இருபது வருஷம் அந்தச் சத்தத்துக்குள் நின்றதில் பாதிக் காது போயிருந்தது. கரண்ட் போய்க் குடோனில் அத்தனை தறியும் நின்ற பிறகும் அவர் மட்டும் கத்திப் பேசிக்கொண்டிருப்பார். “ஏனுங்க, கரண்ட் போயி கால் மணி நேரமாச்சுங்க” என்று அம்மா அவர் தோளைத் தட்டுவாள். தறி ஓடும்போது அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைதான். சோறு வந்துவிட்டது, நூல் அறுந்துவிட்டது, முதலாளி வருகிறார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உண்டு. தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் எனக்கும் அண்ணனுக்கும் அந்தக் கைப்பேச்சு தண்ணீர்பட்ட பாடு.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அண்ணன் எட்டாவது. அப்பாவிடம் இல்லாத காதையும் சேர்த்து வைத்துக்கொண்டு பிறந்தவன் போல இருப்பான். ஊருக்குள் வருகிற பஸ் வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடிக்கும்போதே, இன்றைக்கு எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவான். குடோன் வாசலில் நின்று, உள்ளே ஓடுகிற எட்டுத் தறியில் எது சரியில்லை என்று சத்தத்தை வைத்தே காட்டுவான். “இது மெக்கானிக் காதப்பா, பத்திரமா வெச்சுக்கோ” என்று முதலாளியே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கும் அதே நினைப்புதான். பத்தாவது முடித்துக் கோயமுத்தூரில் ஐடிஐ சேரவேண்டும், என்ஜின் மேல் காதை வைத்து நோய் சொல்கிற மெக்கானிக் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முதுகில் காதை வைத்து, “உனக்குப் பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குது” என்பான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. திங்கட்கிழமைதோறும் மேல் வகுப்புகளுக்குப் புளியவிளார் கொண்டுவருவது ஐந்தாம் வகுப்பின் வேலை. முறைவைத்துக் கொண்டுவருவோம். கணக்கு வாத்தியார் வாங்கி, காற்றில் ஒரு வீசு வீசிப் பார்ப்பார். விர்ரென்று சத்தம் வந்தால் “சபாஷ்” என்பார். அந்தச் சபாஷுக்காக முந்தின நாளே மரத்தில் ஏறி, இலையுருவி, கணு சீவி, துணியில் சுற்றி வைத்த பிள்ளைகள் நாங்கள். அது யார் மேல் இறங்கும் என்று ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. சாமிக்குப் பூக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனோம்.

அந்த வருஷம் ஒரு வாரம் என் முறை வந்தது. ஏறுவதற்குச் சோம்பல்பட்டு, மரத்தடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மேல்தோல் பச்சை, உள்ளே காய்ந்துபோனது. அன்றைக்கு வாத்தியாருக்கு ஏதோ அவசரம், வீசிப் பார்க்காமலே வாங்கி மேசையில் போட்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. அண்ணன் சீக்கிரம் எழுதி முடித்துவிட்டு, எதிர் ஜன்னலோரம் இருந்த சிநேகிதனிடம் கையால் பேசியிருக்கிறான். சாயங்காலம் குடோனுக்கு வா, புது மோட்டார் மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் சங்கதி. வாத்தியார் வெளி மாவட்டத்துக்காரர், தறிக்குள் ஒருநாளும் வந்தவரில்லை. கணக்குக்கு விடை சொல்கிறான் என்று எண்ணிவிட்டார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் விளார் ஒடிந்தது. ஒடிந்தது என்னுடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. பிறகு வந்த சத்தம் விளார்ச் சத்தம் இல்லை.

இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரியில் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். அப்புறம் சீழ் வைத்தது. அப்பா வேலைக்குப் போவதை விட்டுவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே ஒரு மாதம் அலைந்தார். கடைசியில், அந்தக் காது இனி அவ்வளவுதான் என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணனுக்கு ஹாரன் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. பஸ் இந்தப் பக்கம் வந்தால் அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பான்.

போலீசுக்குப் போகச் சொல்லி அப்பாவுக்கு யாரோ யோசனை சொன்னதும், பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. சண்டையென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் சண்டை. அன்றைக்கும் அந்த மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. வாத்தியார் அறைந்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. “கை பட்டுருச்சுங்க” என்றார்கள். ஏதோ பஸ்ஸில் நிற்கும்போது தெரியாமல் இடித்துக்கொண்ட மாதிரி.

ஏன் பட்டது என்பதில்தான் பேச்சு நீண்டது. டீக்கடைக்காரர் எல்லாம் டிவியால் வந்தது என்றார். மளிகைக்கடைக்காரர், அம்மாக்கள் எல்லோரும் மில்லுக்குப் போய்விட்டால் பிள்ளைகளை வளர்ப்பது யார் என்று கேட்டார். மளிகையில் அம்மாக்களின் மில் சம்பளம்தான் ஓடியது, அது வேறு விஷயம். இன்னொருவர், “தப்புன்னா தப்புதானுங்க, ஆனா…” என்று தொடங்கினார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு பதினைந்து நிமிஷம் வாத்தியாரின் நல்ல குணங்கள் வந்தன. இனி நடக்காமல் இருக்க என்ன வழி என்று தலைமையாசிரியை கேட்டார். தியானம் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், யாருக்கு என்று சொல்லவில்லை. விளார் கொண்டுவருகிற பிள்ளைகள் நல்ல விளாராகக் கொண்டுவந்தால் கையை ஓங்க வேண்டி வராது என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வாத்தியார் எழுந்தார். கெட்டவர் மாதிரி அவர் முகம் இல்லை. ஒரு மாதத்தில் இளைத்திருந்தார். அப்பாவைப் பார்த்து, “உங்க பையன்ங்கற உரிமையிலதாங்க… நீங்கதான ஜூன் மாசம் வந்து சொன்னீங்க? கண்ணை நான் தொடலைங்களே” என்றார்.

அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கையைக் காதோரம் குவித்தார். வாத்தியார் அதை மறுபடி ஒருமுறை, சத்தமாக, கூட்டத்தின் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று.

“சொன்னேனுங்க” என்றார் அப்பா.

அப்போது அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. “அப்ப காதையும் சேத்துச் சொல்லியிருக்கோணுமுங்களா?” என்று கேட்டாள். “மூக்கு, பல்லு, வெரலுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லோணும்னு எங்களுக்குத் தெரியலைங்க. படிக்காதவங்க.”

“உக்காரு அம்மணி, பேசிட்டிருக்கறமல்ல” என்றார் முதலாளி. அவர்தான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அப்பாவின் பக்கம் திரும்பினார். “ஏப்பா, பையன் நாளைக்கு எங்க போகப் போறான்? நம்ம தறிக்குத்தான? தறிக்குள்ள காது என்னத்துக்கு? உனக்கே பாதி கேக்கறதில்ல, நீ என்ன, கொறைஞ்சா போயிட்ட?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பதற்கென்று சொன்னது என்று நினைத்து நானும் சிரித்தேன். அண்ணன் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தான். முதலாளி அவனுக்கு இடப்பக்கம் இருந்தார். என்ன சொன்னார் என்று அவன் என்னிடம் கையால் கேட்டான். ஒன்றுமில்லை என்று கையால் சொன்னேன்.

தயாராக எழுதிவைத்த ஒரு காகிதம் வந்தது. விளையாடும்போது தவறி விழுந்ததில் என்று அதில் இருந்தது. முதலாளி பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார். அப்பா மேசைக்குப் போனார். கையெழுத்துப் போடுவதற்கு அவருக்கு வழக்கமாக நேரமாகும், அன்றைக்குச் சீக்கிரம் போட்டுவிட்டார். அம்மா அதற்குள் படியிறங்கி ரோட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

அண்ணன் எட்டாவதோடு நின்றான். முதலாளி சொன்னது போலவே தறிக்கு வந்தான். இன்றும் தறிதான், வேறு முதலாளி. இப்போதும் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கத்தியெடுத்தான் என்றோ, ஒரு வாத்தியார் கையை ஓங்கினார் என்றோ செய்தி வந்தால், டீக்கடையில் அதே கூட்டம் மறுபடி கூடிவிடுகிறது. டிவி இருந்த இடத்தில் செல்போன் வந்திருக்கிறது, மற்றபடி பேச்சில் மாற்றமில்லை. “நாமெல்லாம் அடி வாங்கி வளந்தவங்கதான, நல்லாத்தான இருக்கறோம்?” என்று போன மாதம் ஒருவர் அண்ணனிடமே கேட்டார். இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டார். அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

என் கதைதான் இன்னும் மோசம். நல்ல விளார் கொண்டுபோயிருந்தால் அண்ணன் காது பிழைத்திருக்கும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் என் முறை வருமுன்பே மரத்தில் ஏறி, வளைத்து வளைத்துப் பார்த்து, ஒடியவே ஒடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். பரிகாரம் என்று எனக்கு நினைப்பு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டதால் அந்த வேலை இனி என்னுடையதில்லை என்று பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அதற்காக அழுதேன்.

அந்த ஜூன் மாதம்தான் நான் சொல்ல வந்தது. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு அதே வாத்தியார். அவர் எங்கேயும் போகவில்லை, போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற தகப்பன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்தது நாங்கள். வாத்தியார் அப்பாவைப் பார்க்காமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அப்பா வழக்கம்போலச் சத்தமாக, பழக்கத்தில் வாய் தானாக ஓட, தொடங்கினார்.

“…இனி உங்க பொறுப்புங்க சார். கண்ணு ரெண்டை மட்டும்…”

நின்றுவிட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் வாய் திறந்தபடி இருந்தது. வாத்தியாரும் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

அப்பாவின் இரண்டு கைகளும் பின்னாலிருந்து வந்து என் இரண்டு காதுகளையும் பொத்தின. பஞ்சுத்தூசும் தறி எண்ணெயும் மணக்கிற கைகள். அதன் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஏதோ சொன்னார் என்பது மட்டும் தெரியும், முதுகில் அவர் வயிறு அதிர்ந்தது. வாத்தியார் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷத்தைவிடப் பெரிதாக ஏதோ தண்டனை சொல்லிவைக்கிறார், எனக்குத் தெரியக் கூடாதென்று மூடுகிறார் என்றுதான் நினைத்தேன். பயந்துபோய் அவர் விரல்களைப் பிடித்து இழுத்தேன். நகத்தால் கீறினேன். அப்பா விடவில்லை, இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.