பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

மாசி மாதம். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. மகளுக்கு வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஏழாம் மாதம். என் வீட்டுக்காரர் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, எடை போடும் முறை வருகிற வரைக்கும் இரவும் பகலும் அங்கேயே காவல் கிடந்தார். அப்போதுதான் மாப்பிள்ளை வந்து, வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஊர் மேல் ஒரு நிழல் விழப்போகிறது என்றார்.

அவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். ஏதோ சீர்வரிசை கொண்டு வந்த மாதிரி சந்தோஷமாகத்தான் சொன்னார்.

“நேரா நம்ம மொட்டைமாடி மேலயே போகுது அத்தை. இதுக்காக மூணு மாசமா காத்துட்டிருக்கேன்.”

“என்ன நிழல் மாப்பிள்ளை?”

“ஒரு கல்லோட நிழல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல லட்சக்கணக்குல கல்லு சுத்துது. அதுல இது ஒண்ணு. கல்லுன்னா சின்னது இல்ல, இங்கேருந்து தஞ்சாவூரு வரைக்கும் நீளம் இருக்கும். அடுப்புக்கரி மாதிரி கன்னங்கரேல்னு இருக்கும். பட்ட வெளிச்சத்தைத் திருப்பியே தராது. அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகப்போகுது. கொஞ்ச செகண்டு நட்சத்திரம் மறைஞ்சிட்டு வரும். எவ்வளவு நேரம் மறையுதோ அதை வச்சுக் கல்லு எவ்வளவு பெரிசுன்னு சொல்லிடலாம்.”

“அப்ப அது கிரகணம்தானே?”

அவர் சிரித்தார். “அப்படியும் சொல்லலாம் அத்தை.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த செவ்வாய், என் மகள் ஜாதகத்தில் உட்கார்ந்துகொண்டு நான்கு வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட செவ்வாய். எனக்குத் தெரிந்த வியாழன் குரு பகவான், பிள்ளை வரம் கொடுக்கிறவர். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் கரி மாதிரி ஒரு கல் அலைகிறது, அதன் நிழல் என் மகள் இருக்கிற வீட்டின் மேல் விழும் என்றால் நான் என்ன நினைப்பது? நிழல் என்றாலே ராகு, கேது நினைப்புத்தான் எனக்கு வரும். மாப்பிள்ளை காபியில் நான் இரண்டு தரம் சர்க்கரை போட்டதை மகள் பார்த்துவிட்டாள். வயசாகிறது, மறதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு குழந்தை பிறந்தது. அது வயிற்றில் இருந்தபோதும் ஏழாம் மாதம்தான். அன்று சூரிய கிரகணம். வெளியே தலைகாட்டாதே என்று மாமியார் என்னை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டுக் குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தார். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தூறல் போட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் ஓடிப்போய்ப் படுதாவை இழுத்து மூடினேன். நெல் நனையவில்லை. ஒன்பதாம் நாள் வலி கண்டது. குழந்தை ஒரு ராத்திரியும் ஒரு காலையும் இருந்தது. ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று எனக்குக் காட்டவில்லை. அன்று வெளியே போனாயா என்று யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை சொன்ன மறுநாளே சிவன் கோயில் குருக்களிடம் போனேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரமும் பார்த்தார்.

“அன்னிக்கு ஒண்ணும் போடலையேம்மா. சூரியனும் இல்லே, சந்திரனும் இல்லே. யாரு சொன்னா உங்களுக்கு?”

“மாப்பிள்ளை சொன்னாருங்க சாமி. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வச்சிருக்காரு. பரிகாரம் ஏதாவது பண்ணணுமான்னு…”

“பஞ்சாங்கத்துல இல்லாத கிரகணத்துக்குப் பரிகாரம் எங்கேர்ந்தும்மா சொல்றது? நிம்மதியாப் போங்கோ.”

அவர் எனக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். எனக்குப் பயம் கூடத்தான் செய்தது. தெரிந்த கிரகணத்துக்குத் தர்ப்பை உண்டு, முழுக்கு உண்டு, ஜபம் உண்டு. இதற்கு ஒன்றுமே இல்லை. பஸ் பிடித்துத் திருக்கருகாவூர் போய், கர்ப்பம் காக்கிற அம்பாள் சந்நிதியில் வைத்துக் கொடுக்கும் எண்ணெயை வாங்கி வந்து, மகள் வயிற்றில் தினமும் தடவினேன். “ஏம்மா, வலி வந்தாத்தான் இதைத் தடவணும்னு சொன்னாங்க, நீ பாட்டுக்குத் தேங்காயெண்ணெய் கணக்காப் பூசுற?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே மாப்பிள்ளை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டார். மோட்டார் வைத்தது, நட்சத்திரம் நகர நகர அதுவே திரும்புமாம். இரண்டு இடத்திலிருந்து பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும் என்று, பெரிய டெலஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அவர் வலங்கைமான் பக்கம் போய்விட்டார். எங்கள் மாடியில் பார்க்க வேண்டியவள் என் மகள். நட்சத்திரம் மறைந்ததும் ஒரு குரல், திரும்ப வந்ததும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். நொடிக்கொரு தரம் டிக் என்று அடித்துக்கொண்டே அதை ஃபோன் பதிவு செய்துகொள்ளும். அவ்வளவுதான் வேலை.

அன்று நான் அரிவாள்மணையைத் தொடவில்லை. மாவு, ஊறுகாய், குடிதண்ணீர் எல்லாவற்றிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டேன். மகள் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வெறும் ரசம், அப்பளம். ஒரு காய் நறுக்கக்கூட உனக்கு மனசு வரல. ஊறுகாயில புல்லு முளைச்சிருக்கு. அம்மா, அது கிரகணம் இல்லம்மா. அந்தக் கல்லு எங்கேயோ கெடக்கு.”

“சூரியனும் எங்கேயோதான்டி கெடக்கு.”

அவள் சிரித்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

விளக்கேற்றி முடித்து ஏழு மணி தாண்டியது. மகள் மாடியில் டெலஸ்கோப்பை அந்த நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். நான் படிக்கட்டின் கீழே முருகனையும் அம்பாளையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். ஃபோனைப் பதிவில் போட்டுவிட்டு, கடைசியாக ஒரு தரம் பாத்ரூம் போக அவள் கீழே வந்தாள். பிறகு பனிக்குச் சால்வை எடுக்க அறைக்குள் நுழைந்தாள். நான் கதவை இழுத்து வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டேன்.

செய்வேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. கை செய்துவிட்டது.

“அம்மா! என்ன பண்றே? கதவைத் திற!”

“இன்னும் கொஞ்ச நேரம்தான். உள்ளயே இருடி. நீ வெளியில வராதே.”

“நாலு நிமிஷம்தான் இருக்கும்மா! அவரு என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு. மூணு மாசம்!” வளையல் எல்லாம் குலுங்க அவள் கதவைத் தட்டினாள். தட்டுவதில் வயிறு இடித்துக்கொள்ளுமோ என்று எனக்கு அந்தப் பயம் வேறு. அப்புறம் ஜன்னலுக்கு வந்தாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. “திறக்க மாட்டேல்ல? அப்ப நீ போய்ப் பாரு. நீயாவது போ!”

நான் போனேன். அவளுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். நிழல் அந்த வீட்டில் யார் மேலாவது விழுந்தே ஆக வேண்டும் என்றால், என் மேல் விழட்டும் என்று நினைத்தேன். முன்னொரு தரமும் அது எனக்கு வந்ததுதானே.

மாடியில் டெலஸ்கோப் குழாயில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு கறுப்பில் ஒரே ஒரு புள்ளி, மூக்குத்திக் கல் அளவு. பக்கத்தில் ஃபோன் டிக் டிக் என்றது. கீழே மகள் சத்தம் நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது. கூப்பிடலாமா என்று வாயெடுத்தேன்.

புள்ளி அணைந்தது.

மங்கி மங்கி அணையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இருந்தது, இல்லை. தெருவிளக்கு எரிந்தது, எதிர் வீட்டு டிவி பாடியது, உளுந்து வயல் பக்கம் ஒரு நாய் குரைத்தது. உலகத்தில் ஒன்றும் இருட்டவில்லை. அது ஒன்று மட்டும் போய்விட்டது. அந்த இடத்தில்தான் அந்தக் கரிக்கல் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது என்று தோன்றியது. என்ன பேசினேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. திரும்ப வராது, வராது என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு புள்ளி வந்துவிட்டது.

கீழே ஓடி நாதாங்கியை எடுத்தேன். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி ரசமும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வந்தார். வலங்கைமானில் சரியாக அந்த நேரத்துக்கு ஒரு துண்டு மேகம் மறைத்துவிட்டதாம். “நம்ம மாடிதான் அத்தை இப்பக் கையில இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மகளையும் உட்கார வைத்து ஃபோனை ஓடவிட்டார். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். டிக் டிக் சத்தம். பிறகு என் குரல்.

“ஐயோ!… மொதல்லயே ஒண்ண எடுத்துக்கிட்டே, நான் ஒண்ணும் கேக்கல… இத விட்டுரு, என்னை எடுத்துக்க… தாயே!”

தோசை தீய்ந்தது. நான் திருப்பவில்லை.

மாப்பிள்ளை அதை மறுபடி ஓட விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார். “நீங்க ‘ஐயோ’ன்னதுலேருந்து ‘தாயே’ன்னது வரைக்கும் ஒம்போது செகண்டு அத்தை. கல்லோட அளவு அதுலதான் இருக்கு. நான் கணக்குல சேத்துக்கிறேன்.” சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மகள் அடுப்படிக்கு வந்தாள். அடுப்பை அவளே அணைத்தாள்.

“எனக்கு முன்னாடியா?”

தலையாட்டினேன்.

“பையனா, பொண்ணா?”

அதுவரை ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. “பொண்ணு” என்றேன். களம், படுதா, தூறல் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அவள் ஒரு தரம்தான் பேசினாள். “நெல்லை மூடினதுக்காம்மா?” என்றாள். உன் மேல் தப்பில்லை என்று அவள் அதற்கு மேல் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பிரசவம் வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்பதாம் நாளை எண்ணினேன். அது தாண்டியது. அதற்கப்புறமும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பங்குனி போய், சித்திரையில், மாதம் நிறைந்து பிறந்தது பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததும் உதட்டைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், விரல்களை எண்ணினேன். கட்டிலில் இருந்தபடி மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் இருக்காம்மா?”

“இருக்கு.”

கதவைப் பூட்டியதால் தப்பித்ததா, பூட்டாமலே இருந்திருந்தாலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அம்பாளுக்குத் தெரியும்.

நாற்பது நாள் கழித்துச் சிவன் கோயிலுக்குப் போனோம். பேத்தி பேருக்கு அர்ச்சனை முடிந்தது. நான் கிளம்பத் திரும்பினேன். மகள் நகரவில்லை.

“சாமி, மோட்ச விளக்கு ஒண்ணு போடணும்.”

குருக்கள் என்னைப் பார்த்தார். “யாருக்கும்மா? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ.”

பேத்தி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க சாமி. நட்சத்திரம் பூசம்” என்றேன்.

குருக்கள் விளக்கை ஏற்றிவிட்டு நகர்ந்தார். பிரகாரத்துக் காற்றில் சுடர் ஒரு தரம் படுத்தது. மகள் என் முழங்கையைப் பிடித்தாள். சுடர் எழுந்தது.